மகள் கேட்ட கேள்வி

நேற்று சாயங்காலம் சிங்கப்பூர் சிராங்கூன் ரோடு வீரமாகாளியம்மன் கோயிலிலிருந்து வெளியே வரும்போது, தொடக்கநிலை நான்கு படிக்கும் மகள் கேட்டாள்: "அப்பா, எல்லாவற்றையும் சாமிதான் படைத்தது என்றால், டைனோசர் ஏன் அழிந்து போச்சு?" பக்கத்தில் நின்ற ஒரு பெரியம்மா, "அதெல்லாம் கேட்கக் கூடாதும்மா" என்றார். அன்பாகத்தான் சொன்னார். ஆனாலும் எனக்கு மனசு வலித்தது.

நான் சாமி கும்பிடுகிறவன். நம்பிக்கை அறிவை மழுங்கடிக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் ஏற்க மாட்டேன். ராமானுஜன் தன் கணக்குகளை நாமகிரித் தாயாரின் அருள் என்றே நம்பினார். பிரபஞ்சம் ஓர் ஆதி அணுவிலிருந்து விரிந்தது என்று 1931-இல் சொன்ன லெமெத்ர், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். ஆனால் அந்தக் கோட்பாட்டை மதத்துக்குச் சான்றாகக் காட்டுவதை அவரே விரும்பவில்லை. எவ்வளவு நேர்மை! நம் வானியற்பியலாளர் சந்திரசேகரோ கடவுள் நம்பிக்கை இல்லாமலே நட்சத்திரங்களின் முடிவைக் கணக்கிட்டவர்.

'எல்லாம் அவன் செயல்' என்று சொல்லி அங்கேயே நின்றுவிடுவதுதான் எனக்குப் பயம்.

தேக்கா பக்கம் நடந்துகொண்டே, 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்து டைனோசர்களை அழித்த விண்கல்லைப் பற்றிச் சொன்னேன். "சரி, அந்தக் கல்லை யார் போட்டது?" என்றாள். தெரியவில்லை, சேர்ந்து தேடலாம் என்றேன். சனிக்கிழமை ஜூரோங் அறிவியல் நிலையத்துக்குப் போகிறோம்.