இலை ஒட்டிய வேண்டுதல்கள்

என் குறிப்பேட்டில் வேண்டுதலை எழுதும் முன், வழியில் பொறுக்கி உலர்த்திய ஓர் இலையை ஒட்டுவேன். உறிஞ்சுதாள்களுக்கு நடுவே, கனமான புத்தகத்தின் அடியில் ஓரிரு வாரம் இருக்க வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூஞ்சை பிடித்துவிடும். பழைய கடித உறை, கிழிந்த வரைபடத் துண்டு என்று மற்றவை அதைச் சுற்றி இடம்பிடிக்கும். சொற்கள் வராத நாள்களில் ஒட்டுவது மட்டுமே என் பிரார்த்தனை. கடவுளுக்கு அது புரியும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கிலேயக் கலைஞர் மேரி டெலானி 72 வயதையொட்டித்தான் வண்ணத்தாள்களை வெட்டி மலர்களை உருவாக்கத் தொடங்கினார். கிட்டத்தட்ட ஆயிரம் படைப்புகள்! சிலவற்றில் உண்மையான இலைகளும் உண்டு. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரு பூவை அத்தனை பொறுமையாகப் பார்ப்பதை வழிபாடு என்றே நான் நம்புகிறேன்.

வெளிச்சத்தில் நிறம் மங்கும் என்பதால் குறிப்பேட்டை மூடியே வைக்கிறேன். பழுப்பேறிய இலைகளை மாற்றுவதில்லை.