காயம் கட்டக் கற்றுக்கொண்ட கதை

படுக்கையில் கிடக்கிற நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கிற பாலியேட்டிவ் குழு ஒன்றில், அதாவது நோயைக் குணமாக்க முடியாதபோதும் வலியையும் தொல்லையையும் குறைக்கிற குழு ஒன்றில், நான் தன்னார்வலராக இருக்கிறேன். எங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைச் சொன்னதும், "புண்ணெல்லாம் தொடணுமா? பயமா இருக்காதா? நம்மளால முடியுமா?" என்று கேட்கிறார்கள். முடியும். எப்படி முடிந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு யாராவது ஒருவர் இறங்கினால்கூட ஒரு வீட்டுக்கு உதவியாக இருக்கும்.

நாங்கள் குமரி மாவட்டத்துக்காரர்கள். எல்லையைத் தாண்டினால் கேரளா. 1993ல் கோழிக்கோட்டில் மருத்துவர்கள் தொடங்கிய வலி நிவாரண, பாலியேட்டிவ் பணி, பிறகு மலப்புரம் பக்கமெல்லாம் ஊர்க்காரர்களின் கைக்கே வந்து சேர்ந்தது. ஆட்டோ ஓட்டுகிறவர், கடை வைத்திருப்பவர், கல்லூரி மாணவர் என்று பலரும் பயிற்சி எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு நோயாளியைப் பார்க்கிறார்கள். அதே முறையில்தான் எங்கள் குழுவும் நடக்கிறது. பயிற்சி பெற்ற நர்ஸ் ஒருவர் (நாங்கள் சிஸ்டர் என்போம்), வாரத்தில் சில நாள் வருகிற டாக்டர் ஒருவர், மீதி எல்லாம் எங்களைப் போன்றவர்கள். இந்தக் குழு ஆள் தேடுவதாக ஞாயிறு ஆராதனை முடிந்து போதகர் அறிவித்தார். எங்கள் சங்கத்திலிருந்து சிலர் பெயர் கொடுத்தோம்.

பயிற்சிக்குப் போகும்போது இரண்டு ஊசி, நாலு மாத்திரை பற்றிச் சொல்லித் தருவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். முதல் வகுப்பு முழுக்கப் பேச்சைப் பற்றியே இருந்தது. நோயாளியின் தலைமாட்டில் நின்றுகொண்டு பேசக்கூடாது. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் கண்மட்டத்துக்கு உட்கார வேண்டும். "எல்லாம் சரியாயிடும், கவலைப்படாதீங்க" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது. அதற்குப் பதில், "இப்ப உங்களுக்கு எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெபக்குழுவில் பேசிப் பழகிய எங்களுக்கு, பதில் வரும்வரை சும்மா இருப்பதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது.

வகுப்பில் எங்கள் சிஸ்டர், சிசிலி சாண்டர்ஸ் என்பவரைப் பற்றிச் சொன்னார். இங்கிலாந்தில் நர்ஸாக இருந்து, முதுகுவலியால் அந்த வேலையை விட்டு, மருத்துவமனையில் சமூகப் பணியாளராகி, பிறகு டாக்டருக்கும் படித்தவர். ஆழமான கிறிஸ்தவ விசுவாசி. மரணத்தை நெருங்கியவர்களைப் பராமரிக்கும் இல்லமான புனித கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை 1967ல் லண்டனில் தொடங்கினார். வலி தாங்க முடியாமல் நோயாளி கதறியபிறகு மருந்து கொடுப்பது அன்றைய பழக்கம். வலி வருவதற்கு முன்பே, கடிகாரத்தைப் பார்த்து நேரத்துக்குக் கொடுக்க வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். இன்றைக்கும் எங்கள் நோயாளிகளுக்கு மார்பின் என்ற வலி மருந்தைக் கொடுப்பது அந்த முறையில்தான். இரக்கம் அவரிடம் முன்பே இருந்தது. மனதில் இருந்த அந்த இரக்கம் நோயாளியின் உடம்பைப் போய்ச் சேர ஒரு படிப்பு தேவைப்பட்டது. இது என் மனதில் அன்றே ஒட்டிக்கொண்டது.

அன்று வீட்டுக்கு வந்து லூக்கா 10ஆம் அதிகாரத்தை எடுத்து நல்ல சமாரியன் கதையை மறுபடி படித்தேன். ஞாயிறு பள்ளியிலிருந்து தெரிந்த கதைதான். ஆனால் அவன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான் என்ற இடத்தில் நான் ஒருநாளும் நின்றதில்லை. அந்தக் காலத்தில் அதுதான் மருந்து. அவனுக்குக் கட்டுப் போடத் தெரிந்திருக்கிறது. அடிபட்டவனைத் தன் வாகனத்தில் ஏற்றி, சத்திரத்தில் சேர்த்து, மறுநாள் காசு கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவையும் தான் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிவிட்டுப் போகிறான். அவன் இல்லாத நாட்களுக்கும் ஏற்பாடு நடந்துவிட்டது. பாலியேட்டிவ் குழு செய்வதும் இதுவேதான்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

கொஞ்ச நாள் சிஸ்டரோடு கூடப்போய்ப் பார்த்துப் பழகியபிறகு, நான் தொடர்ந்து போன முதல் வீடு ஒரு பனையேறிப் பாட்டாவின் வீடு. வெற்றிலையும் புகையிலையும் ஆயுசு முழுக்க மென்றவர். கன்னத்தில் புற்று வந்து, உள்ளேயிருந்து வெளியே ஓட்டை விழுந்துவிட்டது. மருத்துவமனை ஒன்றில், "இனி ஒண்ணும் செய்ய முடியாது, வீட்டுக்குக் கொண்டு போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் வைத்து என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. நோயைக் குணமாக்க முடியாமல் போகலாம். செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது மட்டும் உண்மையில்லை.

புண்ணின் வாடையால் பாட்டாவை வீட்டுக்குப் பின்னால் இருந்த சாய்ப்பில் படுக்க வைத்திருந்தார்கள். பேரப்பிள்ளைகளை மருமகள் தன் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அந்த வாடை வாசலிலேயே முகத்தில் அடித்தது. பாட்டி மட்டும் பக்கத்தில் ஒரு பாயில்.

சிஸ்டர் செய்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும். அரை லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பைப் போட்டுக் கொதிக்க வைத்து ஆறவிட்டால் புண்ணைக் கழுவும் நீர் தயார். கடையில் விற்கிற பஞ்சுக்குப் பதில், துவைத்த பழைய வெள்ளை வேட்டியைத் துண்டு துண்டாகக் கிழித்து, குக்கரில் வைத்து ஆவியில் வேகவிட்டு எடுத்துக்கொள்ளலாம். ஒட்டிக்கொண்ட பழைய கட்டைப் பிடித்து இழுக்கக்கூடாது. உப்புத் தண்ணீரால் நனைத்து, தானாக விடும்வரை காத்திருக்க வேண்டும். பாட்டாவின் புண்ணில் புழுவும் இருந்தது. அதை டர்பன்டைன் எண்ணெய் வைத்து வெளியே வரச்செய்து, ஒவ்வொன்றாக இடுக்கியால் சிஸ்டர் எடுத்தார். அது பழகிய கை செய்ய வேண்டிய வேலை, யாரும் தாங்களாக முயல வேண்டாம். நான் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக, டாக்டர் எழுதிக் கொடுத்த மெட்ரோனிடசோல் மாத்திரையை நுணுக்கிப் பொடியாக்கிப் புண்ணில் தூவிக் கட்டுப் போட்டார். வாடையைக் கிளப்புகிற கிருமிகளை அந்தப் பொடி கொல்லும்.

சில நாட்களில் வாடை அடங்கியது. பாட்டாவை முன் அறைக்கு மாற்றினார்கள். பேரப்பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பத்து ரூபாய்கூடப் பெறாத ஒரு மாத்திரை, சாய்ப்பில் கிடந்த மனிதரைத் தன் குடும்பத்தோடு சேர்த்து வைத்தது. இயேசு குஷ்டரோகியைத் தொட்ட இடத்தை மத்தேயுவில் வாசிக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்த முன் அறைதான் ஞாபகம் வருகிறது.

அடுத்தது சாப்பாடு. மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தார்கள். தலையையும் தோளையும் உயர்த்திச் சாய்ந்து உட்காரவைத்துத்தான் கொடுக்க வேண்டும், கொடுத்து அரை மணிநேரமாவது அப்படியே இருக்கவிட வேண்டும். வடிகட்டிய கஞ்சியையோ பயறு வேகவைத்த தண்ணீரையோ சிரிஞ்சில் ஊற்றி உயரத்தில் பிடித்தால் தானாக இறங்கும், அழுத்தித் தள்ளக்கூடாது. முன்னும் பின்னும் கொஞ்சம் வெறும் தண்ணீர். பாட்டி இரண்டே நாளில் என்னைவிட நன்றாகச் செய்தார்.

வலிக்கு மார்பின். இந்தப் பெயரைக் கேட்டதும் மகன் பயந்துவிட்டார், போதை மருந்தாச்சே என்று. டாக்டர் பொறுமையாக விளக்கினார். வலிக்குத் தேவையான அளவில், சொன்ன முறைப்படி கொடுத்தால் அது நோயாளிக்கு உதவும் மருந்து. தானாக நிறுத்தவும் கூடாது, கூட்டவும் கூடாது. சாதாரண மருந்துக்கடையில் இது கிடைப்பது அபூர்வம். 2014ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபிறகு, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் பல உரிமங்களுக்கு அலையாமல் ஒரே அனுமதியில் இதை வைத்திருக்க வழி வந்தது. அப்படிப்பட்ட இடத்தில் சீட்டைக் காட்டி, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும். காலை 6, 10, மதியம் 2, மாலை 6, இரவு 10 என்று பாட்டாவுக்கு நேரம் குறித்துக் கொடுத்தார்கள். ராத்திரி தூங்க வேண்டும் என்பதால் கடைசி வேளைக்கு இரண்டு பங்கு. மார்பின் தொடங்கினால் மலச்சிக்கல் வரும், ஆகவே அதற்கான மாத்திரையும் கூடவே. பாட்டிக்கு எழுத்து வராது, மணி பார்க்கத் தெரியும். ஒரு அட்டையில் ஐந்து கடிகாரம் வரைந்து, ஒவ்வொன்றின் கீழேயும் மாத்திரையை ஒட்டிக் கொடுத்தோம்.

இன்னொரு விஷயத்தையும் சிஸ்டர் மகனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். கழுத்துப் பக்கம் புண் இறங்கினால் ஒருநாள் ரத்தம் பீறிடலாம். அதற்கென்று கரும்பச்சையோ கறுப்போ, அடர்ந்த நிறத்தில் ஒரு பெரிய துண்டைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கச் சொன்னார். வெள்ளைத் துணியில் ரத்தத்தைப் பார்த்தால் நோயாளியும் மிரண்டுபோவார், வீட்டாரும் மிரண்டுபோவார்கள். துண்டின் நிறத்தைக்கூட யோசித்து வைத்திருக்கிறார்களே என்று நான் அசந்துபோனேன். பாட்டாவுக்கு அந்தத் துண்டு தேவைப்படவில்லை.

அந்த வீடு இந்து வீடு. நான் கழுத்தில் சிலுவை போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு ஒருநாள் பாட்டி கேட்டார்: "எங்கள வேதத்துல சேரச் சொல்லுவியளா மக்களே?"

"இல்ல பாட்டி. பாட்டாவுக்குக் கட்டுப் போடத்தான் வாறோம்."

அதற்கப்புறம் அந்தப் பேச்சே எழவில்லை. எங்கள் சபையில் சிலருக்கு இதில் வருத்தம். இவ்வளவு செய்துவிட்டு ஆண்டவரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் வருவதா என்று கேட்டார்கள். எனக்கு இதில் குழப்பமே இல்லை. வலியில் கிடக்கிறவரால் எழுந்து போகவும் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. அவரிடம் போய் நம் செய்தியைச் சொல்வது நியாயமில்லை. சமாரியனும் அடிபட்டவனிடம் நீ எந்த மலையில் தொழுகிறவன் என்று விசாரிக்கவில்லை. நான் ஜெபிப்பது உண்டு. பைக்கை நிறுத்திவிட்டு அந்த வீட்டுப் படி ஏறும் முன், மனதுக்குள். யாராவது தாங்களாகவே கேட்டால் பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்போம், கேட்டவர்களும் உண்டு.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விசுவாசம் இருந்தால் மருந்து எதற்கு என்று சொல்லி, நம் ஆட்களே நோயாளியின் மாத்திரையை நிறுத்திய வீட்டையும் பார்த்திருக்கிறேன். இது எனக்குப் பொறுக்க முடியாத விஷயம். எங்களுக்குப் பக்கத்தில் நெய்யூர் இருக்கிறது. அங்கே 1838லேயே லண்டன் மிஷனரி சங்கத்தின் மருத்துவப் பணி தொடங்கிவிட்டது. ஹோவர்டு சாமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவைச் சிகிச்சை நிபுணர் 1922ல் எவரெஸ்ட் ஏறப் போனவர். அந்தப் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூரில் நோயாளிகள் கூட்டத்தையும் அவர்களைச் சமாளிக்கப் போதுமான டாக்டர் இல்லாததையும் பார்த்தார். லண்டனில் காத்திருந்த வாழ்க்கையை விட்டுவிட்டு இங்கேயே பணிக்கு வந்தார். 1924ல் மறுபடி எவரெஸ்டுக்குப் போய், ஆக்ஸிஜன் சிலிண்டர் இல்லாமல் ஏறக்குறைய 28,000 அடிவரை ஏறிவிட்டு, திரும்ப நெய்யூருக்கே வந்துவிட்டார். வெற்றிலை போடுகிற இந்த மண்ணில் வாய்ப்புற்று அன்றும் நிறைய. அதற்கு ரேடியம் வைத்து அங்கே அவர் சிகிச்சை செய்தார். பின்னாளில் வேலூர் சி.எம்.சி.யிலும் சொல்லிக் கொடுத்தார். விசுவாசத்துக்காக ஊரைவிட்டு வந்த அந்த மனிதர் கையில் எடுத்தது அன்றைக்குக் கிடைத்ததிலேயே சிறந்த மருத்துவத்தை. அவர் நடந்த மண்ணில் இருந்துகொண்டு மருந்தை நிறுத்தச் சொல்வது எப்படி விசுவாசமாகும்?

பாட்டா ஒரு விடியற்காலையில், முன் அறையில், வீட்டார் எல்லாரும் இருக்கும்போது போனார். எங்கள் வேலை அதோடு முடியவில்லை. மீதமிருந்த மார்பினை எண்ணித் திருப்பி ஒப்படைத்தோம். வீட்டில் நடந்த இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராமத்தில் அது வி.ஏ.ஓ. அலுவலகம். நோயின் விவரத்தை டாக்டர் எழுதிக் கொடுத்ததால் சான்றிதழ் வாங்குவதில் தொல்லையில்லை. அதை வைத்து, ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் பாஸ்புக்கோடு இ-சேவை மையத்தில் பாட்டிக்கு ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தோம். அப்போது மாதம் 1,200 ரூபாய். பணம் வரத் தொடங்கும்வரை சங்கத்திலிருந்து அரிசி கொடுத்தோம். இப்போதும் அந்தப் பக்கம் போனால் ஏறி இறங்காமல் வருவதில்லை. மரச்சீனியும் கட்டன் காப்பியும் இல்லாமல் பாட்டி விடுவதுமில்லை.

சேர நினைக்கிறவர்களுக்கு: தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலேயே வீட்டுக்கு வந்து பாலியேட்டிவ் சிகிச்சையும் பிசியோதெரபியும் செய்கிறார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போய், வீட்டுக்குப் போகிற பாலியேட்டிவ் நர்ஸ் யார் என்று கேளுங்கள். பக்கத்தில் தன்னார்வக் குழு இருந்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் சபையிலிருந்து இரண்டு பேராவது சேர்ந்து போங்கள், ஒருவருக்கு முடியாத நாளில் இன்னொருவர் போகலாம். முதல் சில வாரம் கூடவே போய்ப் பார்த்தால் போதும், யாரும் உங்களைப் புண்ணைத் தொடச் சொல்லமாட்டார்கள். பழைய வெள்ளை வேட்டிகள் இருந்தால் துவைத்து எடுத்துக்கொண்டு போங்கள். அது எங்களுக்கு எப்போதும் பற்றாக்குறைதான்.