உகந்தைக்கு வந்தால் மலை ஏறிவிட்டுப் போங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையில் பொத்துவில்லையும் அறுகம்பைப் பாலத்தையும் தாண்டினால், பாணமையோடு ஊர் முடிந்துவிடுகிறது. தமிழும் சிங்களமும் ஒரே முற்றத்தில் கலந்து பேசும் கிராமம் அது. தமிழரின் கண்ணகியும் சிங்களவரின் பத்தினியும் அங்கே ஒருத்திதான். அதற்கப்பால் பற்றைக்காடு. வலப்புறம் தூரத்தில் குடும்பிகலப் பாறைகள். பாதை போய்ச் சேரும் இடம் உகந்தமலை முருகன் கோயில். பக்கத்திலேயே குமண தேசியப் பூங்காவின் வாசல்.

சூரனை வென்ற வேலின் கதிர்களில் ஒன்று இம்மலையில் தங்கியது என்பது ஐதிகம். கடற்கரைப் பாறைகளைக் காட்டி, முருகனும் வள்ளியும் வந்திறங்கிய கல்லோடங்கள் என்பார்கள்.

ஆடித் திருவிழாவுக்கு வருகிறவர்களில் பலர் அடிவாரத்தில் அர்ச்சனை செய்து, கடலில் கால் நனைத்து, உடனே வேனில் ஏறிவிடுகிறார்கள். எனக்கு மனம் ஆறுவதில்லை. வள்ளியம்மை மேலே அல்லவா இருக்கிறாள்!

வெறுங்காலோடு ஏறினேன். பாறை சுட்டது. ஆனால் பாறைக் குழிகளில் சுனைகள்! கீழே காடு முழுவதும் சருகாய்க் காய்ந்து கிடக்கிற ஆடி மாதத்தில், ஒரு சுனையின் விளிம்பில் பச்சைப்பாசி படர்ந்திருந்தது. அதன்மேல் தட்டான் ஒன்று உட்காருவதும் எழுவதுமாக இருந்தது. அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன். உடம்பு சிலிர்த்தது. உச்சியில் நின்றால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கண் எட்டும் மட்டும் காடு. தினைப்புனம் காத்தவளுக்கு இதைவிடப் பொருத்தமான இருப்பிடம் ஏது?

வள்ளியம்மை சந்நிதியில், காவிச் சேலை உடுத்த ஒரு வயோதிபத் தாய் மூட்டையை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தார். காரைதீவிலிருந்து நடந்தே வந்தவர். கதிர்காமத்துக்கு யாத்திரிகர் நடந்துபோகும் காட்டுப்பாதை திறப்பதற்காகக் காத்திருக்கிறார்.

“முதலில் வாகூரவெட்டை, மகன். பிறகு குமுக்கன் ஆறு. ஆற்றைக் கடந்தால் நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு...” செபமாலை உருட்டுவது போலச் சொல்லிக்கொண்டே போனார். மூட்டையில் அவல், அரிசிமா, கொஞ்சம் சீனி, ஒரு தண்ணீர்க் கான்.

“யானைக்குப் பயமில்லையா அம்மா?”

“பிள்ளையார் அல்லவா? அரோகரா சொன்னால் வழிவிடுவார்.”

அவர் பாதங்களைத் தொட்டுக் கும்பிட்டேன். அடுத்த ஆடியில் என்னையும் அந்தப் பாதையில் நடக்கவை, முருகா.