செம்பரம்பாக்கம் ஏரியை இடமாகச் சுற்றுகிறேன்

தை மாதம் முதல் ஞாயிறன்று தொடங்கினேன். இப்போது ஆடி முடியப்போகிறது. இந்த ஏழு மாதங்களில் செம்பரம்பாக்கம் ஏரியை இருபத்தாறு முறை சைக்கிளில் சுற்றியிருக்கிறேன். முதல் ஒன்பது முறை வலமாகச் சுற்றினேன். அதன் பிறகு பதினேழு முறையும் இடமாகத்தான். ஏன் மாறினேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் பாதை. போரூரில் இருந்து கெருகம்பாக்கம், கோவூர் வழியாகக் குன்றத்தூர். அங்கிருந்து மேற்கே ஸ்ரீபெரும்புதூர் சாலையில் நந்தம்பாக்கம், சிறுகளத்தூர், அமரம்பேடு. ஸ்ரீபெரும்புதூரில் பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து இருங்காட்டுக்கோட்டை, தண்டலம், செம்பரம்பாக்கம், நசரத்பேட்டை, பூந்தமல்லி வழியாக மீண்டும் போரூர். என் மீட்டரில் ஐம்பது கிலோமீட்டரைச் சற்றுத் தாண்டுகிறது. மேடு என்று சொல்ல மேம்பாலங்களைத் தவிர வேறு எதுவும் இல்லை. குன்றத்தூரில் முருகன் கோயில் இருக்கும் குன்றையும் சாலை ஏறாமல் ஒதுங்கியே போய்விடுகிறது.

ஏரியைச் சுற்றும் சாலை என்றதும் ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர் பளபளக்கும் என்று எண்ணித்தான் நானும் கிளம்பினேன். அப்படி இல்லை. பெரும்பாலான இடங்களில் கண்ணுக்குக் கிடைப்பது கரையின் முதுகும் வயல்களும் ஆலைச் சுவர்களும்தான். கரை நீர்வளத்துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறப்போனபோது காவலுக்கு இருந்த பெரியவர், "தம்பி, வண்டியை மேலே கொண்டு போகக் கூடாது" என்றார். அவர் சொன்னது சரி. மண்ணால் ஆன கரை அது. அதற்குப் பின்னால் 24 அடி உயரத்துக்குத் தண்ணீர் நிற்க முடியும். 3,645 மில்லியன் கன அடி கொள்ளும் ஏரி, சென்னையின் குடிநீர். நான் சாலையோடு நின்றுகொண்டேன்.

வலமாகச் சுற்றியதற்குத் தனிக் காரணம் எதுவும் கிடையாது. கோயிலானாலும் குளமானாலும் வலம் வந்தே பழகிய உடம்பு. குன்றத்தூர் பக்கமாகப் போய் நெடுஞ்சாலை வழியாகத் திரும்பினேன். முதல் சுற்றுக்கு இரண்டு மணி ஐம்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. வேகம் குறைந்ததில் வருத்தமில்லை. ஸ்ரீபெரும்புதூரில் வலப்பக்கம் திரும்பும் அந்த ஓர் இடம்தான் வாரத்துக்கு வாரம் மனதை அழுத்தியது. நம் நாட்டில் வண்டி இடப்பக்கம் போகிறது. ஏரியை வலமாகச் சுற்றினால் ஒவ்வொரு பெரிய திருப்பமும் வலப்பக்கத் திருப்பமாக வந்து சேரும். பெங்களூரை நோக்கிப் போகும் லாரிகளின் வரிசையை முழுவதும் கடந்துதான் சென்னைப் பக்கச் சாலையில் ஏற வேண்டும். அதன் பிறகு பூந்தமல்லி வரைக்கும் முதுகுக்குப் பின்னால் கனரக வண்டிகள். இரவு ஷிஃப்ட் முடிந்த தொழிலாளர்களை ஏற்றிவரும் கம்பெனி பஸ்களும் அதே நேரத்தில் சேர்ந்துகொள்ளும்.

ஒன்பதாவது சுற்றில், தண்டலத்தைத் தாண்டியதும் பின்சக்கரம் தொய்ந்தது. காற்று ஒரே மூச்சில் போகவில்லை. மெல்ல மெல்ல இறங்கியது. சர்வீஸ் சாலை ஓரம் ஒதுங்கி, டியூபை மாற்றிக் காற்றடித்தேன். இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடியும் அதே தொய்வு. இந்த முறை டயரைக் கழற்றி, உள்பக்கம் கைக்குட்டையை வைத்து மெதுவாக ஒரு சுற்றுத் தடவினேன். ஓரிடத்தில் துணியின் நூல் மாட்டி இழுத்தது. அங்கே ரப்பரில் இருந்து ஒரு கம்பி இழை, தலைமுடியை விடச் சற்றுத் தடிமன், அரிசி நீளம் கூட இல்லை, நுனி மட்டும் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. நகத்தால் எடுக்க முடியவில்லை. டீக்கடை அக்காவிடம் கேட்டபோது சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றித் தந்தார். ஊக்கின் முனையால் நெம்பி எடுத்தேன். லாரி டயர்கள் வெடித்துக் கிழியும்போது உள்ளே இருக்கும் எஃகு இழைகள் சாலையோரம் உதிர்கின்றன. நாம் ஓட்டும் அந்த ஓர அடியில்தான் மண்ணோடு மண்ணாகக் கிடக்கின்றன. விரலால் தடவினால் விரல் கிழியும், துணியால் தடவுங்கள். பழுதின் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் புது டியூபைப் போடாதீர்கள். இந்தப் பாதைக்கு நான் தரும் மிகப் பயனுள்ள அறிவுரை இதுதான்.

அன்றோடு 25 மில்லிமீட்டர் டயரை விட்டு 28-க்கு மாறினேன். காற்றழுத்தம் நூறு பி.எஸ்.ஐ. அடித்துவந்த இடத்தில் இப்போது எண்பது. என் எடை எழுபத்திரண்டு கிலோ. அதற்கு இந்தக் காற்று போதும். குன்றத்தூர் சாலையின் ஒட்டுப்போட்ட தாரில் கை மரத்துப்போவது நின்றுவிட்டது.

அடுத்த ஞாயிறு திசையை மாற்றினேன். விடிகாலை நாலே முக்காலுக்குப் போரூரில் இருந்து பூந்தமல்லிப் பக்கம் கிளம்பினேன். மெட்ரோ தூண்களுக்குக் கீழே சாலை காலியாக இருந்தது. நெடுஞ்சாலையை இருட்டிலேயே, கம்பெனி பஸ்கள் பெருகும் முன்பே முடித்துவிடலாம். பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு, முன்னால் ஒன்று, மேலே ஒளி திருப்பும் பட்டை. இவை இல்லாமல் அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் ஏறவே கூடாது. ஸ்ரீபெரும்புதூரில் இடப்பக்கம் திரும்பினேன். யாரையும் கடக்க வேண்டியிருக்கவில்லை. மனம் அப்படியே இறங்கி அமைதியானது. இந்தத் திசையில் ஏரி முழுச் சுற்றும் என் இடக்கைப் பக்கமே இருக்கிறது. வண்டிகள் அந்தப் பக்கம், ஏரி இந்தப் பக்கம். திரும்பி வருகையில் கிழக்கே பார்த்து ஓட்டுவதால் சூரியன் கண்ணில் குத்துகிறது என்பது ஒன்றுதான் குறை. ஹெல்மெட்டுக்கு உள்ளே முனை வைத்த தொப்பி ஒன்று அணிந்தால் சரியாகிவிடுகிறது.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தையிலும் மாசியிலும் வாடைக்காற்று முதுகைத் தள்ளி ஸ்ரீபெரும்புதூர் வரை கொண்டுபோய்விட்டது; திரும்பும்போது கணக்குத் தீர்த்தது. ஆனியில் மேல்காற்று எழுந்ததும் எல்லாம் தலைகீழ். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை இருங்காட்டுக்கோட்டைத் திறந்தவெளியில் உணர்ந்தேன்: தரை சமதளம், வேகம் மணிக்குப் பதினாறு கிலோமீட்டர். ஆனால் பாதி தூரம் போராடிவிட்டால் மீதிப் பாதி வீடு வரைக்கும் காற்றே கொண்டுவருகிறது. களைத்த கால்களுக்கு அது பெரிய துணை. என் சிறந்த நேரமும் ஆடியில்தான் வந்தது: இரண்டு மணி பதினெட்டு நிமிடம்.

நேரத்தை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், வழுதியம்பேடு, திருநீர்மலை. உபரிநீர் திறக்கும்போதெல்லாம் செய்தியில் வரிசையாக வாசிக்கப்படும் ஊர்கள். 2015 டிசம்பரில் விநாடிக்கு 29,000 கன அடி திறந்தபோதும் இந்தப் பெயர்களைக் கேட்டேன். அன்று எனக்கு அவை வெறும் பெயர்கள். இப்போது அவற்றில் சிலவற்றின் வழியாக வாரந்தோறும் போகிறேன். சிறுகளத்தூர் அருகே ஒரு கடையில் தேநீர் குடிக்கும்போது, பக்கத்தில் நெல் மூட்டையோடு நின்றிருந்தவரிடம், "அண்ணே, மழைக்காலத்தில் இந்தச் சாலையில் ஓட்ட முடியுமா?" என்று கேட்டேன். அவர் கையை முழங்காலுக்கு மேல் வைத்துக் காட்டினார். "மதகைத் திறந்தால் இவ்வளவு ஓடும். அன்றைக்கு வராதே தம்பி. மறுநாளும் வராதே, தார் இருக்காது, பள்ளம் தெரியாது."

ஐப்பசியில் மழை பிடித்ததும் இந்தச் சுற்றை நிறுத்திவிடுவேன். அதுவரை இன்னும் ஒன்பது ஞாயிறு இருக்கிறது. ஒன்றிரண்டு நாள் குன்றத்தூருக்குத் தெற்கே சோமங்கலம், மணிமங்கலம் வரை நீட்டிப் பார்க்க எண்ணியிருக்கிறேன். பின்டயரின் நடுக்கோடு தேய்ந்து தட்டையாகிவிட்டது. அதற்கு முன் அதை மாற்ற வேண்டும்.