கிருஷ்ண அய்யர் வாழ்க்கைக் குறிப்பு எழுதப் போய் நான் பட்ட பாடு

எங்கள் வக்கீல் சங்கத்தின் ஆண்டு மலருக்கு நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யரைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். "எல்லாம் நெட்லயே கிடைக்கும்மா, ஒரு சாயங்கால வேலை" என்றார் மலர்க்குழு சீனியர். அந்த ஒரு சாயங்காலம் கோடை விடுமுறை முழுவதையும் விழுங்கியது. அடுத்த வருஷம் வேறொரு ஜூனியர் தலையில் இதே மாதிரி ஏதாவது விழும் என்பதால் எழுதி வைக்கிறேன்.

நீதிபதியாக இருந்த காலத்தில் ஒரு சிக்கலும் இல்லை. 1968-இல் கேரள உயர் நீதிமன்றம், 1971-இல் சட்ட ஆணையம், 1973 ஜூலை 17 முதல் 1980 நவம்பர் 14 வரை உச்ச நீதிமன்றம். தீர்ப்புகள் உச்ச நீதிமன்ற இணையதளத்தில் இலவசம். என்னை அலைக்கழித்தது அதற்கு முந்தைய இருபது வருஷம்தான்.

அவர் தலச்சேரியில் வக்கீல். 1952-இல் கூத்துப்பறம்பு தொகுதியில் சுயேச்சையாக ஜெயித்துச் சட்டசபைக்குப் போனார். போனது சென்னைக்கு. மலபார் அன்று சென்னை மாகாணத்தில் ஒரு மாவட்டம். 1956 நவம்பர் 1 வரை அப்படித்தான். அந்தக் கால அவைக்குறிப்புகள் இங்கேதான் இருந்தாக வேண்டும் இல்லையா? இதைப் பழைய தொகுதிகள் வைத்திருக்கும் ஓர் அலுவலகத்துக் கவுன்ட்டரில் சொல்லிப் பாருங்கள்.

"மேடம், இவர் கேரளாக்காரர். நீங்க திருவனந்தபுரத்துக்குத்தான் எழுதணும்."

மலபார் கதையைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே டீயை ஆற்றினார். "அதெல்லாம் அங்க மாத்தி விட்டிருப்பாங்க" என்றார், பதிவேட்டைத் திறக்காமலேயே. அடுத்த முறை போனபோது சங்கத்தின் லெட்டர்பேடில் கடிதம் கேட்டார். அதைக் கொண்டுபோனால் முத்திரை இல்லை. முத்திரையோடு போன அன்று உள்ளே பூச்சிமருந்து அடிக்கிறார்களாம், திங்கட்கிழமை வரச் சொன்னார். போன் பண்ணிக் கேட்டுவிட்டுத்தான் கிளம்பினேன் என்பது வேறு விஷயம்.

கடைசியில் காப்பாற்றியவர் ஒரு வயதான உதவியாளர். நான் கேட்டதும் அவர் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி: "ஆந்திரா போறதுக்கு முன்னாடியா, பின்னாடியாம்மா?" எனக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. 1952-இல் அந்தச் சபைக்கு 375 பேர். 1953 அக்டோபர் 1-ஆம் தேதி ஆந்திரம் பிரிந்தபோது அந்தப் பக்கத்து உறுப்பினர்களும் போய்விட்டார்கள். ஆகவே அதற்கு முந்தைய தொகுதிகள் ஒரு அலமாரி, பிந்தையவை இன்னொரு அலமாரி. கால் மணி நேரத்தில் முதுகுத்துணி கிழிந்த ஒரு தடித் தொகுதியைக் கொண்டுவந்து வைத்தார். உறுப்பினர் பட்டியலில் கூத்துப்பறம்புக்கு நேரே அவர் பெயர். கவுன்ட்டர்காரரிடம் கொண்டுபோய்க் காட்டத்தான் ஆசை. தொகுதியை மேஜையை விட்டு எடுக்கக் கூடாதாம்.

போகிறவர்களுக்கு: பேனா விடமாட்டார்கள், பென்சில் கொண்டுபோங்கள். பக்கங்கள் தொட்டாலே ஒடிகிற நிலையில் இருந்தால் ஜெராக்ஸும் கிடையாது, கையால்தான் எழுத வேண்டும். முகக்கவசம் கட்டாயம். எனக்குத் தும்மல் நிற்க இரண்டு நாள் ஆனது.

அடுத்த தலைவலி 1960 தேர்தல். 1957-இல் தலச்சேரியில் ஜெயித்து, கேரளத்தின் முதல் முதலமைச்சரான கம்யூனிஸ்ட் தலைவர் இ.எம்.எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவையில் சட்டம், உள்துறை, சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் என்று பல துறைகளைப் பார்த்தவர். 1959 ஜூலை 31-ஆம் தேதி அந்த ஆட்சியைக் கலைத்தார்கள். மறுவருஷத் தேர்தலில் ஏழே ஏழு ஓட்டில் தோல்வி. இத்தோடு நிறுத்திவிடும் குறிப்புகள் ஏராளம். அவர் தேர்தல் வழக்குப் போட்டு, மறு எண்ணிக்கையில் ஜெயித்துச் சபைக்குள் போனார். முடிவுப் பட்டியலை மட்டும் பார்த்தால் தோற்றவர், உறுப்பினர் பட்டியலைப் பார்த்தால் ஜெயித்தவர். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மலர்க்குழுவில் ஒருவர் "தோற்றார்" என்றே பிழைதிருத்தி அனுப்பினார். ஒரு வக்கீல் சங்க மலரில் எலெக்‌ஷன் பெட்டிஷனையே விட்டுவிட்டால் எப்படி?

அதைவிடப் பெரிய சண்டை "அரசியல் பகுதி வேண்டாமே" என்று சீனியர் சொன்னபோது. கம்யூனிஸ்ட் அமைச்சரவையில் இருந்ததை ஒரு வரியில் முடித்து நேரே தீர்ப்புகளுக்கு வரச் சொன்னார். நான் மசியவில்லை. 1948-இல் கம்யூனிஸ்டுகளுக்குச் சட்ட உதவி செய்தார் என்று ஒரு மாதம் உள்ளே வைக்கப்பட்டவர் இவர். 1957-இல் அதே மனிதர் சிறைத் துறை அமைச்சர். 1978-லும் 1979-லும் சுனில் பத்ரா வழக்குகளில், கம்பிக்குள்ளே போனாலும் கைதிக்கு அடிப்படை உரிமை உண்டு என்று எழுதியவரும் இவரே. இரண்டாவது வழக்கு, திகார் கைதி ஒருவர் சக கைதி சித்திரவதைப்பட்டதைச் சொல்லி எழுதிய கடிதத்திலிருந்தே தொடங்கியது. முதல் இரண்டை வெட்டிவிட்டு மூன்றாவதை மட்டும் போட்டால் படிக்கிறவனுக்கு என்ன புரியும்? அந்தப் பத்தி தப்பியது. போட்டோ ஒன்று போயிற்று.

1975-ஐ எழுதும்போதும் உஷார். இந்திரா காந்தியின் தேர்தல் வெற்றி செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு, ஜூன் 24-ஆம் தேதி விடுமுறைக்கால நீதிபதியாக அவர் கொடுத்தது நிபந்தனையுடன் கூடிய தடை. பிரதமராகத் தொடரலாம், நாடாளுமன்றத்தில் பேசலாம், ஓட்டுப் போடக் கூடாது. "பதவியைப் பறித்தார்" என்றும் "காப்பாற்றினார்" என்றும் இரண்டு விதமாகவும் எழுதி வைத்திருக்கிறார்கள். உத்தரவை ஒரு தரம் படித்துவிடுங்கள். அவருடைய ஆங்கிலத்துக்கு அகராதி பக்கத்தில் இருக்கட்டும். கணினி மொழிபெயர்ப்பை நம்பினால் கோவிந்தா.

இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த ஒரே வரும்படி மோத்தி ராம் தீர்ப்பு. மத்தியப் பிரதேசத்துக் கொத்தனார் ஒருவருக்கு 10,000 ரூபாய் ஜாமீன் கேட்டு, ஜாமீன் நிற்க வந்த சகோதரரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று தள்ளிய வழக்கு. சொந்தப் பிணையில் 1,000 ரூபாய்க்கு விடச் சொன்னார் அய்யர். ஒரு தமிழர் பஸ்தாரிலோ போர்ட் பிளேரிலோ கைதானால் உள்ளூர் ஜாமீன்தாரருக்கு எங்கே போவார் என்றும் அதில் கேட்கிறார். விடுமுறை முடிந்த வாரமே, நான் ஆஜராகும் ஒரு கோர்ட்டில் வெளி மாவட்ட ஜாமீன்தாரர் ஆகாது என்றார்கள். மலருக்காக எடுத்த பிரதி பையிலேயே இருந்தது. நீட்டினேன். வாங்கிப் படித்துவிட்டு ஏற்றுக்கொண்டார்கள்.

மலரில் கடைசி நேரத்தில் ஒரு பிழை நுழையப் பார்த்தது: "நூறு வயதில் காலமானார்." பிறந்தது 1915 நவம்பர் 15, இறந்தது 2014 டிசம்பர் 4. 99 வயதுதான், நூறாவது வயதில் அடியெடுத்து வைத்ததற்கு நடந்த விழாவைப் பார்த்துக் குழம்பியிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் ஓய்வுபெற்ற தேதியைப் பாருங்கள்: உச்ச நீதிமன்றத்தில் 65 வயதில் ஓய்வு, அவர் ஓய்வுபெற்றது 1980 நவம்பர் 14. இந்தக் கணக்கு வேறு எந்த உச்ச நீதிமன்ற நீதிபதிக்கும் உதவும், ராஜினாமா செய்தவர்களையும் பதவியிலேயே இறந்தவர்களையும் தவிர.