கலண்டரில் ஒரு வட்டம்

எங்கள் வீட்டுக் கலண்டரில் அமாவாசை, பௌர்ணமியை விட எங்கள் பசு செவலையின் கணக்குதான் அதிகம். சிவப்பு வட்டம் என்றால் காளைக்குக் கத்திய நாள். நீலம் என்றால் சினை ஊசி போட்ட நாள். அம்மாவுக்கு எழுத வராது, வட்டம் போட வரும்.

செவலை ஜெர்சி கலப்பு. மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம், எங்கள் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், அப்பாவின் சேமலாப நிதிக் காசில் போட்ட தகரக் கொட்டிலில் தனியாக நிற்கிறது. தனியாக நிற்பதுதான் சிக்கல். பண்ணையில் பத்து மாடு இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். அசையாமல் நின்று கொடுக்கிற மாடு பருவத்தில் இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒற்றை மாட்டுக்குக் கத்தலும், கண்ணாடி மாதிரி தொங்கும் வழும்பும், காலைப் பாலில் அரைப் போத்தல் குறைவதும்தான் அடையாளம். அதுவும் அரை நாள், மிஞ்சினால் முக்கால் நாள். இரவுப் பனிமூட்டத்தில் வந்து போய்விட்டால் யார் கண்டது?

காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில். ஒருமுறை காலையிலேயே போன் எடுத்தும் ஊசிக்காரர் வந்தது மறுநாள் பிற்பகல். மழை, ரோடு என்று அவர் சொன்னதெல்லாம் உண்மையாகவே இருக்கலாம். சினை பிடிக்கவில்லை. அடுத்த முறை கத்தவே இல்லை. ஒரு காலை வாலில் ரத்தக் கறை. நான் பயந்துவிட்டேன். "ரெண்டு நாளைக்கு முந்தியே வந்துட்டுப் போயிருக்கு" என்றார் அம்மா. பருவம் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வரும் என்ற கணக்கில் அன்றிலிருந்து பத்தொன்பது நாள் எண்ணி வட்டம் போட்டார்.

அந்த நேரம் பார்த்துத்தான் தீபாவளிக்கு அக்கா மகன் வந்தான். பேராதனையில் மிருக வைத்தியம் படிக்கிறான். முளைய மாற்றம், அதாவது ஒரு மாட்டின் இளங்கருவை எடுத்து இன்னொரு மாட்டில் வைப்பது பற்றி அம்மாயிக்கு வகுப்பெடுத்தான். நல்ல பால் மாட்டுக்கு நாலு நாள் காலையும் மாலையும் ஓமோன் ஊசி போட்டால் ஒன்றுக்குப் பதில் பல முட்டை வரும். சினைப்படுத்தி, ஏழாம் நாள் மெல்லிய குழாய் விட்டுக் கருப்பையைக் கழுவினால் முளையங்கள் கிடைக்கும். அவற்றைச் சாதாரண மாடுகளில் வைக்கலாம். இல்லையென்றால் திரவ நைதரசனில், சைபருக்குக் கீழே 196 பாகையில் வருடக்கணக்காகச் சேமிக்கலாம். முதல் கன்று 1951இலேயே அமெரிக்காவின் விஸ்கொன்சினில் பிறந்துவிட்டதாம்.

"வயிறு மட்டுந்தான் வாடகை, அம்மாயி."

அப்படியென்றால் கன்று யாருடையது என்று அம்மா கேட்பார் என நினைத்தேன். கேட்டது வேறு.

"ஏழு நாள்னு சொல்றியே சாமி, அந்த மாடு என்னைக்குக் கத்துச்சுன்னு யாரு பாத்துக்கிட்டு இருந்தா?"

அவன் முழித்தான். முடிச்சே அங்கேதான். கொடுக்கிற மாடும் சுமக்கிற மாடும் ஏறக்குறைய ஒரே நாளில் பருவத்துக்கு வந்திருக்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் பிசகினால் முளையம் தங்குவது கடினம். அதனால் வேறொரு ஊசி போட்டு இரண்டையும் ஒரே நாளில் பருவத்துக்கு வர வைக்கிறார்கள் என்றான்.

"அப்ப அந்த ஊசிய நம்ம செவலைக்கும் போட்டு, ஊசிக்காரரு வர்ற நாளுக்கே கத்த வைக்கலாமே?"

வைக்கலாமாம். ஆனால் பருவம் முடிந்த முதல் நாலைந்து நாளில் போட்டால் வேலை செய்யாது. சினையாக இருப்பது தெரியாமல் போட்டால் கலைந்துவிடும். ஆக, அதற்கும் நாள் தெரிய வேண்டும். அம்மா கலண்டரைப் பார்த்துச் சிரித்தார்.

வட்டத்துக்கு முதல் நாள் இரவே செவலை கத்தியது. அம்மா டோர்ச்சோடு போய்ப் பார்த்தார். விடியுமுன் போன். இந்த முறை பத்து மணிக்கே வந்து போட்டுவிட்டுப் போனார்கள்.

இன்று இருபதாம் நாள். கொட்டில் பக்கத்து ஜன்னலை அம்மா திறந்து வைத்திருக்கிறார். குளிர் எலும்பைக் குடைகிறது. மூடலாமா என்று கேட்டால் திட்டு விழும்.