அக்லாக் (நன்னடத்தை) அறிக்கை எழுதப்படும் முன்னால்: உறவுக்காரப் பையன் கேஸில் நாங்கள் பட்டது

கேஸ் முடிந்துவிட்டது. பையன் வீட்டில் இருக்கிறான், பள்ளிக்கும் போகிறான். ஆனாலும் சமூகநல அலுவலகக் கவுண்டரை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. பினாங்கில் இதே நிலைமையில் வேறொரு குடும்பம் இருந்தால் அவர்களுக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. அவன் பெயர், வீடு, பள்ளி எதுவும் இதில் வராது. 2001ஆம் ஆண்டு சிறார் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் 10,000 வெள்ளி வரை அபராதம், ஐந்து வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு மாமா, பையன் பாலாயில் (போலீஸ் நிலையத்தில்) உட்கார்ந்திருக்கும் படத்தைப் போட்டு "எல்லாரும் வேண்டிக்கொள்ளுங்கள்" என்று எழுதியிருந்தார். நல்ல மனதோடுதான் போட்டார். உடனே அழிக்கச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் யாராவது போட்டிருப்பார்கள், அதைப் பார்த்துவிட்டு மற்ற வேலையைப் பாருங்கள்.

பையனுக்கு 15 வயது. பக்கத்து புளோக்கில் நிறுத்தியிருந்த மோட்டாரை நண்பனோடு சேர்ந்து தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். ரொம்ப தூரம் போவதற்குள் மாட்டிக்கொண்டார்கள். குற்றவியல் சட்டம் 379ஏ, வாகனத் திருட்டு. பெரியவர்களுக்கு குறைந்தது ஒரு வருடம், கூடிப்போனால் ஏழு வருடம் சிறை. இதைக் கேட்டதும் அக்கா, அதாவது பையனின் அம்மா, பாலாய் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். கைது செய்தவுடன் பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் சொல்லியாக வேண்டும், அது சிறார் சட்டத்தின் 87ஆம் பிரிவு. அக்காவுக்குப் போன் வந்தது. பெகாவாய் அக்லாக்கிடம் (நன்னடத்தை அதிகாரியிடம்) சொல்லிவிட்டீர்களா என்று நான் கேட்டதற்கு, விசாரணை அதிகாரி "அதெல்லாம் அப்புறம்" என்றார். பெரியவர்களோடு சேர்த்து வைக்கக் கூடாது என்பதை மட்டும் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தோம். தனியாகத்தான் வைத்திருந்தார்கள். ஜாமீன் சிக்கல் இல்லாமல் முடிந்தது. ஒய்.பி.ஜி.கே. எனப்படும் தேசிய சட்ட உதவி அறவாரியம் வழியாக இலவசமாக ஒரு வழக்கறிஞரும் கிடைத்தார்.

அவர் வந்தது பெரிய காரியம். ஏனென்றால் நண்பனுக்கு 19 வயது. 18 வயது தாண்டியவரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்ட பிள்ளையைச் சாதாரண நீதிமன்றமே விசாரிக்கலாம் என்று 83ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. அப்படி நடந்தால் சிறார் நீதிமன்றம், மூடிய அறை எல்லாம் கையைவிட்டுப் போய்விடும். வழக்கறிஞர் அரசுத் தரப்புக்கு ஒரு கடிதம் எழுதினார், இருவர் மேலும் தனித்தனியாகக் குற்றம் சாட்டினார்கள். உங்கள் பிள்ளையோடு பிடிபட்டவர்களின் வயதை முதல் நாளே கேட்டு வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். குற்றப்பத்திரிகை தயாரான பிறகு சொன்னால் மாற்றுவது கஷ்டம்.

லைட் ஸ்திரீட்டில் சிறார் நீதிமன்றம் நான் பயந்த மாதிரி இல்லை. மாஜிஸ்திரேட்டோடு இரண்டு ஆலோசகர்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சட்டம். பெற்றோர், வழக்கறிஞர் போன்ற சம்பந்தப்பட்டவர்கள் மட்டும்தான் உள்ளே போகலாம். பெற்றோர் ஒவ்வொரு முறையும் வந்தாக வேண்டும். நான் பெற்றவள் இல்லை என்பதால் வழக்கறிஞர் கேட்டு அனுமதி வாங்கித் தந்தார். குற்றச்சாட்டை எளிமையாக விளக்கிவிட்டு "பாஹாம்?" (புரிந்ததா?) என்று மாஜிஸ்திரேட் கேட்டபோது பையன் தலையை மட்டும் ஆட்டினான். அந்தப் பெண் ஆலோசகர் முன்னால் குனிந்து, புரிந்ததை உன் வார்த்தையில் சொல் தம்பி என்றார். அவன் சொன்னான். குற்றத்தை ஒப்புக்கொண்டான். அறிக்கைக்காகத் தேதி தள்ளிப்போனது.

இங்கேதான் எல்லாம் தீர்மானமாகிறது. நான் யூ.எஸ்.எம். பல்கலைக்கழகத்தில் சமூகப்பணி படித்தவள். இந்தச் சட்டத்தைப் பிரிவு பிரிவாக அலசிக் கட்டுரை எழுதியிருக்கிறேன். என்னைக் கேட்டால் மொத்தச் சட்டத்திலும் ஒரு குடும்பம் கையில் எடுக்கக்கூடிய இடம் 90ஆம் பிரிவில் வரும் நன்னடத்தை அறிக்கைதான், லாப்போரான் அக்லாக். உத்தரவு போடும் முன் நீதிமன்றம் அதைப் பார்த்தாக வேண்டும். அதில் இருக்க வேண்டியவை நான்கு: பிள்ளையின் நடத்தை, வீட்டுச் சூழல், பள்ளிப் பதிவு, மருத்துவ வரலாறு. எச்சரித்து விடுவதா, நன்னடத்தைப் பிணையா, கண்காணிப்பா, செக்கோலா துனாஸ் பக்தி எனும் சீர்திருத்தப் பள்ளியா என்பதற்கு மாஜிஸ்திரேட் கையில் இருக்கும் பெரிய ஆதாரம் அதுதான். எங்கள் ஆட்கள் அந்தப் பள்ளியை "தைப்பிங்" என்றே சொல்வார்கள். அந்த உத்தரவு மூன்று வருடத்துக்கு. குறைப்பதெல்லாம் பிறகுதான். 1995இல் மலேசியா ஏற்ற ஐ.நா. சிறார் உரிமை உடன்படிக்கை, அடைத்து வைப்பது கடைசி வழியாக, மிகக் குறுகிய காலத்துக்கு இருக்க வேண்டும் என்கிறது. அந்த 37ஆம் விதிக்கு நம் நாடு ஏற்றபோதே விலக்கு வைத்தது. 15 வயதுப் பையனுக்கு மூன்று வருடம் என்றால் எஸ்.பி.எம். தேர்வு போய்விடும்.

அறிக்கை எழுதும் அதிகாரியைச் சந்திக்க சமூகநல அலுவலகத்துக்குப் போனோம். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒரு நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அக்கா வந்திருந்தார். கவுண்டரில் இருந்த கிராணி தலையை நிமிர்த்தவில்லை. அதிகாரி ஃபீல்டில் இருக்கிறார், யார் என்று சொல்ல முடியாது, கேஸ் எண் இல்லாமல் எதுவும் பார்க்க முடியாது, நாளைக்கு வாருங்கள். எண்ணை வாங்கிக்கொண்டு திரும்பப் போனால், ஃபைல் இன்னும் வரவில்லை. அக்காவுக்கு மலாய் தடுமாறும். அவர் பேச ஆரம்பித்ததும் அந்தக் கிராணி, "மொழி தெரிந்த யாரையாவது கூட்டி வாருங்கள்" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த நேரத்தில் அக்காவின் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. பிள்ளையைக் காப்பாற்ற வந்த தாயை அந்த இடத்தில் அப்படி நடத்தக் கூடாது.

அதனால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அறிக்கைக்கு உத்தரவாகும் அன்றே, நீதிமன்றத்தை விட்டுக் கிளம்பும் முன் கேஸ் எண்ணை எழுதி வாங்குங்கள். அங்கே சமூகநல அதிகாரி யாராவது இருந்தால் நேரே போய், அறிக்கை யார் பொறுப்பில் வரும், எந்த எண்ணில் அழைக்கலாம் என்று கேட்டுவிடுங்கள். கவுண்டரில் எது கொடுத்தாலும் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள்.

அதிகாரியைப் பார்த்த பிறகு அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் மேசையில் இருந்த ஃபைல்களின் உயரம் அப்படி. நாம் கொண்டுபோய்க் கொடுக்காததை அவர் தேடி எடுக்கப் போவதில்லை, அவ்வளவுதான்.

பள்ளிக் கடிதம் இழுத்தடித்தது. அலுவலகத்தில் வருகைப் பதிவை மட்டும் அச்சடித்துக் கொடுத்தார்கள், முழுக்க மட்டம் போட்ட நாட்கள். அதை மட்டும் கொடுத்திருந்தால் அவன் கதை அங்கேயே முடிந்திருக்கும். கவுன்சலிங் ஆசிரியரைத் தனியாகப் பிடித்தோம். தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்கு வந்ததிலிருந்தே அவன் பாடத்தில் பின்தங்கியது, கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டது, படிவம் இரண்டுக்குப் பிறகு மட்டம் போட ஆரம்பித்தது எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார். திரும்பச் சேர்த்துக்கொள்வோம் என்று ஒரு வரியும் சேர்த்தார்.

அப்புறம் மருத்துவம். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று அக்கா சொல்லிவிட்டார். வீட்டில் ஐ.சி. நகல், தடுப்பூசிப் புத்தகம் எல்லாம் போட்டுவைக்கும் மைலோ டின்னைக் கவிழ்த்தபோது, அரசாங்க ஆஸ்பத்திரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவு அட்டை ஒன்று விழுந்தது. சின்ன வயதில் இடது காதில் சீழ் வடிந்து பல தடவை போயிருக்கிறார்கள். வேலை மாறியதும் நிறுத்திவிட்டார்கள். மறுபடி அரசாங்க கிளினிக்கில் (கிளினிக் கெசிஹாத்தான்) காட்டினோம், இடது காதில் கேட்கும் திறன் குறைவு என்று எழுதிக் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்த பையனுக்கு ஆசிரியர் பேசியது எவ்வளவு கேட்டிருக்கும்? அவன் ஒரு நாளும் யாரிடமும் சொல்லவில்லை. அட்டையையும் கடிதத்தையும் சேர்த்துக் கொடுத்தோம். அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, இது முக்கியம் என்றார். அன்று அக்கா பஸ்ஸில் வீடு வரும்வரை அழுதார்.

வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். சுவருக்கு வெள்ளையடிக்க வேண்டியதில்லை. பையன் எங்கே படுக்கிறான், எங்கே படிக்கிறான், இரவில் வீட்டில் யார் இருப்பார்கள் என்றுதான் கேட்டார். அன்றைக்கு அப்பா வீட்டில் இல்லாததுதான் வினையானது. லாரி ஓட்டுகிறார், ஜொகூர் பக்கம் போனால் வாரக் கடைசியில்தான் வருவார்.

அறிக்கையை வாசித்துக் காட்ட மாட்டார்கள். ஆனால் பெற்றோரின் நடத்தை, வீட்டைப் பற்றி முடிவைப் பாதிக்கும் எதுவும் அதில் இருந்தால் அதன் சாரத்தைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும், அவர்கள் பதில் சொல்லவும் ஆதாரம் காட்டவும் நீதிமன்றம் இடம் கொடுக்கலாம். இதை எந்தக் கவுண்டரிலும் யாரும் சொல்ல மாட்டார்கள். தகப்பன் பிள்ளைமேல் அக்கறை காட்டவில்லை என்று அறிக்கையில் இருந்தது. சாரம் சொல்லப்பட்டதும் வழக்கறிஞர் எழுந்து, லாரி கம்பெனியின் பயண அட்டவணையையும் அப்பா மாதாமாதம் அக்கா கணக்கில் போட்ட பண விவரத்தையும் நீட்டினார். அப்பா தன் வாயால், உள்ளூர் ஓட்டத்துக்கு மாற்றக் கேட்டிருக்கிறேன், கடிதம் இருக்கிறது என்றார். மாஜிஸ்திரேட் வாங்கிப் படித்தார். எங்கள் தரப்பு எழுத்தில் ஏறியது அப்போதுதான்.

மோட்டாருக்குச் சொந்தக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பர்கர் கடை போட்டிருக்கும் மலாய்க்கார அண்ணன். மோட்டார் அன்றே கிடைத்துவிட்டது, இந்த அளவுக்குப் போகும் என்று நினைக்கவில்லை என்று அவரே வருத்தப்பட்டார். பையன் அவர் கடையில் வேலை செய்து ஈடுகட்டியிருக்கலாம், அவரும் சம்மதித்திருப்பார். அதைக் கேட்க எங்கள் கேஸில் ஓர் இடமே இல்லை. நியூசிலாந்தில் 1989 சட்டத்திலிருந்தே குடும்பமும் பாதிக்கப்பட்டவரும் ஒன்றாக உட்கார்ந்து தீர்வு பேசும் கூட்டம் நடைமுறையில் இருக்கிறது. நாம் ஏற்ற உடன்படிக்கையின் 40ஆம் விதியும் முடிந்த இடத்தில் நீதிமன்றம் ஏறாமல் தீர்க்கச் சொல்கிறது. இங்கே பத்து வயதுப் பிள்ளை மேலேயே குற்றம் சாட்டலாம். ஐ.நா. குழு குறைந்தது 14 ஆக்குங்கள் என்று 2019இல் எழுதியது. 2016 திருத்தத்தில் சமூக சேவை உத்தரவு வந்தது நல்லதுதான், ஆனால் அதுவும் கோர்ட் ஏறிய பிறகு.

எங்களுக்கு இரண்டு வருடக் கண்காணிப்பு உத்தரவு. சட்டப்படி ஒன்றிலிருந்து மூன்று வருடம் வரை போடலாம். பெற்றோரும் பிணை எழுதிக் கொடுத்தார்கள், பயிலரங்குகளுக்கும் போக வேண்டும். அதற்கு ஷிப்ட் வேலைக்காரர்கள் லீவு எடுக்கத் திண்டாடுவார்கள். உத்தரவு கிடைத்த கையோடு முதலாளிக்குக் காட்ட, தேதி போட்ட கடிதத்தைச் சமூகநல அதிகாரியிடமே கேட்டு வாங்கிவிடுங்கள். அக்காவின் சூப்பர்வைசர் அந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறக்காமல் லீவு கொடுத்தார்.